கடற்கரையில் ஒரு ரூம், அம்மாவுக்கு நாலு நாள்

மக்களே, ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்ல அம்மா கடைசியா எப்ப லீவு எடுத்தாங்க?

காய்ச்சல் வந்து படுத்தது கணக்குல வராது. சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போய் அங்கேயும் காய் நறுக்கினது வராது. திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனதும் வராது, அது நேர்த்திக்கடன். நான் கேட்கிறது வேற. எந்தக் காரணமும் இல்லாம நாலு நாள், வேற யாரோ சமைச்ச சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு, கடலைப் பார்த்துக்கிட்டு சும்மா உட்கார்ந்தது எப்போ?

ஹாஸ்டல்ல சில பேர்கிட்ட இதைக் கேட்டுப் பார்த்தேன். முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் "அம்மாவுக்கு எதுக்குல லீவு?"ன்னு பதில் வந்துச்சு. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசல. அந்த அமைதியைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: உழைக்கிறவங்க குடும்பத்தோட கடற்கரையில போய் ஓய்வெடுக்கறது ஆடம்பரம் இல்ல, உரிமை. உலகத்துல பல நாடுகள் இதை 80, 90 வருஷத்துக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டாங்க. நம்ம தாமிரபரணிக் கரையில மட்டும் இன்னும் அது ஒரு ஜோக்காவே இருக்கு.

தாத்தா வீட்டுப் பரண்

என் தாத்தா விக்கிரமசிங்கபுரத்துல மில் தொழிலாளி. அவர் வீட்டுப் பரண்ல பழைய 'சோவியத் நாடு' இதழ்கள் ஒரு கட்டு கிடந்துச்சு. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, நிச்சயம் ஞாபகம் இருக்கும். தாள் வழவழன்னு இருக்கும், விலை ரொம்பக் குறைவு. அதனால அந்தக் காலத்துல பாதிப் பிள்ளைங்க நோட்டுக்கு அட்டை போட்டது அந்தத் தாள்லதான். அதுல வர்ற படங்கள்ல கருங்கடல் கரை அடிக்கடி வரும். வெயில்ல படுத்திருக்கிற தொழிலாளிகள், தொப்பி போட்ட குழந்தைங்க, பின்னாடி வெள்ளைத் தூண் வச்ச பெரிய கட்டடம்.

அது அரண்மனையான்னு சின்ன வயசுல நினைச்சிருக்கேன். சில கட்டடங்கள் நிஜமாவே அரண்மனைதான். 1920 டிசம்பர்ல லெனின் ஒரு ஆணையில கையெழுத்துப் போட்டார். கிரிமியா கடற்கரையில ஜார் குடும்பத்துக்கும் பிரபுக்களுக்கும் இருந்த மாளிகைகள் இனி தொழிலாளர்களோட சிகிச்சைக்கும் ஓய்வுக்கும் பயன்படணும்னு அந்த ஆணை சொல்லிச்சு. ஜார் மன்னரோட லிவாதியா அரண்மனை 1925-ல விவசாயிகளுக்கான சானடோரியம் ஆச்சு. அதே வருஷம் அதே கடற்கரையில 'ஆர்தெக்' என்கிற சிறுவர் முகாம் ஆரம்பிச்சது. 1936-ல வந்த சோவியத் அரசியல் சட்டத்தோட 119-ஆவது பிரிவு, ஓய்வு என்பது குடிமக்களோட உரிமைன்னு எழுதியே வச்சது. சம்பளத்தோட வருடாந்திர விடுமுறை, ஓய்வு இல்லங்கள், சானடோரியங்கள் எல்லாம் அந்தப் பிரிவுல இருக்கு.

நடைமுறை எப்படின்னா, தொழிற்சங்கம் மூலமா தொழிலாளிக்கு ஒரு சீட்டு கிடைக்கும். ரஷ்ய மொழியில அதுக்குப் பேர் 'பூத்யோவ்கா'. ரூம், மூணு வேளை சாப்பாடு, டாக்டர் எல்லாம் அந்தச் சீட்டுல அடக்கம். செலவுல பெரும்பங்கு சமூகக் காப்பீட்டு நிதியிலிருந்து போகும். கிழக்கு ஜெர்மனியிலயும் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1947-ல தனியா ஒரு விடுமுறைச் சேவையே ஆரம்பிச்சு, பால்டிக் கடலோரத்துல தொழிலாளர்களுக்கு இடம் ஒதுக்கிச்சு. அங்க வளர்ந்து இப்ப அறுபது, எழுபது வயசுல இருக்கிறவங்களுக்கு சின்ன வயசுக் கோடைன்னாலே அந்தக் கடற்கரையும் கேன்டீன் மணி அடிக்கிற சத்தமும்தான்.

அதோட மறுபக்கம்

இதைப் படிச்சுட்டு "ஆஹா, சொர்க்கம்"னு நினைக்க வேண்டாம். நான் அதை விக்க வரல.

தாதார் மக்கள் தலைமுறை தலைமுறையா வாழ்ந்த இடம் கிரிமியா. 1944 மே மாசம், சில நாளைக்குள்ள, அந்த மக்களை ஒட்டுமொத்தமா ரயில்ல ஏத்தி மத்திய ஆசியாவுக்கு அனுப்பிட்டாங்க. வழியிலயும் போன இடத்துலயும் ஏராளமானவங்க செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் அதே கடற்கரையில மத்தவங்க விடுமுறை கொண்டாடினாங்க. கிழக்கு ஜெர்மனியில 1953-ஆம் வருஷத் தொடக்கத்துல பால்டிக் கரையோர ஹோட்டல்களை அரசு பறிமுதல் பண்ணுச்சு. பல ஓனர்கள் ஜெயிலுக்குப் போனாங்க. சீட்டு ஒதுக்கறதுலயும் மேலிடத்துக்கு வேண்டியவங்களுக்கு முன்னுரிமை இருந்துச்சு. சோவியத் சீட்டு பெரும்பாலும் ஒரு ஆளுக்குத்தான், குடும்பம் முழுக்க சேர்ந்து போறது அவ்வளவு லேசு இல்ல. கூட்டுப் பண்ணை விவசாயிகளுக்கு ரொம்ப காலம் இந்த வசதி சரியா எட்டவே இல்ல. காகிதத்துல எல்லாருக்கும் உரிமை இருந்துச்சு. கையில சீட்டு வந்தது ஃபேக்டரி ஆளுக்கு.

இந்தக் கடைசி விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. நம்ம ஊர்க் கதையிலயும் இது வரும்.

கம்யூனிஸ்ட் நாடு மட்டும் இல்ல

"இதெல்லாம் கம்யூனிசம்டா, நமக்கு எதுக்கு"ன்னு சொல்றவங்களுக்கு இது. பிரான்ஸ் கம்யூனிஸ்ட் நாடு இல்ல. அங்க 1936 ஜூன்ல, பெரிய வேலைநிறுத்த அலைக்குப் பிறகு, எல்லாத் தொழிலாளிக்கும் சம்பளத்தோட ரெண்டு வாரம் லீவுன்னு சட்டம் வந்துச்சு. ரயில் டிக்கெட்டுக்குத் தள்ளுபடி கொடுத்தாங்க. வாழ்க்கையிலயே கடலைப் பார்க்காத லட்சக்கணக்கான பேர் அந்த ஆகஸ்ட் மாசம் கடலைப் பார்த்தாங்க. பிரிட்டன்ல 1938-ல சம்பளத்தோட விடுமுறைக்குத் தனிச் சட்டம் வந்துச்சு. 1948-ல ஐ.நா.வோட மனித உரிமைப் பிரகடனம், 24-ஆவது பிரிவுல, ஓய்வும் சம்பளத்தோட கூடிய விடுமுறையும் மனித உரிமைன்னு சொல்லிச்சு.

நம்ம அரசியல் சட்டத்தோட 43-ஆவது பிரிவையும் எடுத்துப் பாருங்க. தொழிலாளர்களுக்கு வாழத் தகுந்த கூலி மட்டும் போதாது, ஓய்வு நேரத்தை முழுசா அனுபவிக்கிற நிலைமையும் கிடைக்க அரசு முயற்சி எடுக்கணும்னு அதுல இருக்கு. அது விவசாயத் தொழிலாளி, ஃபேக்டரித் தொழிலாளி, மத்த எல்லாத் தொழிலாளிகளுக்கும் பொருந்தும். கோர்ட்டுக்குப் போய்க் கேட்டு வாங்க முடியாத வழிகாட்டும் கொள்கைதான், சரி. ஆனா நம்ம நாடு என்ன நினைச்சுத் தொடங்குச்சுன்னு அதுல தெரியுது.

லீவுக்காக அடி வாங்கின ஊர் இது

ஸ்கூல்ல வ.உ.சி. பாடம் எல்லாரும் படிச்சிருக்கோம். கப்பல், செக்கு ரெண்டும் ஞாபகம் இருக்கும். நடுவுல ஒரு வேலைநிறுத்தம் இருக்கு, அது பலருக்கு மறந்து போயிருக்கும்.

தூத்துக்குடி கோரல் மில். ஹார்வி கம்பெனியோடது. நம்ம பாபநாசத்துல தாமிரபரணித் தண்ணியோட வேகத்துல மில் ஓட்டினதும் அதே ஹார்விதான். கோரல் மில் தொழிலாளிகள் 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி வேலையை நிறுத்தினாங்க. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னாடி நின்னாங்க. கோரிக்கை என்ன தெரியுமா? கூலி உயர்வு. அதோட வார விடுமுறை. மார்ச் முதல் வாரத்துல கம்பெனி இறங்கி வந்துச்சு. கூலி கூடிச்சு, வேலை நேரம் குறைஞ்சுச்சு, ஞாயித்துக்கிழமை லீவு ஆச்சு. சில நாள்லயே, மார்ச் 12-ஆம் தேதி, ரெண்டு பேரையும் கைது பண்ணாங்க. மறுநாள் திருநெல்வேலி கொந்தளிச்சது. மாணவர்களும் தெருவுல இறங்கினாங்க. துப்பாக்கிச் சூட்டுல நாலு பேர் செத்தாங்க.

அதனால ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுட்டுத் தூங்கும்போது ஒண்ணை நினைச்சுக்கோங்க. லீவு நமக்கு யாரும் தானமாக் கொடுத்தது இல்ல. கடலோரத்துல நின்ன ஒரு மில்லோட வாசல்ல, நம்ம ஊர் ஆட்கள் கேட்டு வாங்கினது. இந்தியாவோட முதல் மே தினமும் கடற்கரையிலதான் நடந்துச்சு. 1923-ல மெட்ராஸ் கடற்கரையில சிங்காரவேலர் கூட்டம் போட்டார்.

லீவு எப்படி ஃபீஸ் ஆச்சு

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வரேன். அம்மா பீடி சுத்துறாங்க. முக்கூடல் பக்கம் எங்க தெருவுல பாதி வீட்ல இதுதான் வேலை. மடியில சொளவு, அதுல தூள், நறுக்கின இலை, நூல். கை பாட்டுக்கு ஓடும், கண்ணு டிவியில இருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. சரியில்லைன்னு கடையில கழிச்சுட்டா அதுக்குக் காசு இல்ல. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறார்.

பீடித் தொழிலாளிக்கு லீவே கிடையாதுன்னு நினைக்காதீங்க. சட்டத்துல இருக்கு. 2025 வரைக்கும் இருந்த 1966-ஆம் வருஷத்து பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டப்படி, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோட லீவு இருந்துச்சு. வீட்ல இருந்து சுத்துறவங்களுக்கும் அது இருந்துச்சு. வருஷத்துக்கு 240 நாள் சுத்தினா 12 நாள் லீவு வருது. ஃபேக்டரிச் சட்டத்துல இருந்த அதே கணக்கு. தோட்டத் தொழிலாளருக்கான 1951-ஆம் வருஷத்துச் சட்டத்துலயும் அதேதான் இருந்துச்சு.

ஆனா எங்க வீட்ல அந்த 12 நாளை யாரும் நாளாப் பார்த்ததே இல்ல. அது வருஷத்துக்கு ஒரு தடவை பணமா வரும். 'லீவு சம்பளம்'னு சொல்வாங்க. வந்த அன்னைக்கே அது போக வேண்டிய இடமும் தெரியும். அது என் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலோட டெர்ம் ஃபீஸ். லீவுக்கான பணம் வந்த அன்னைக்கும் அம்மா சொளவை மடியிலிருந்து இறக்கினது இல்ல.

அதாவது அம்மாவோட லீவைத்தான் நான் படிச்சிருக்கேன். ஒரு வருஷத்துக்கு 12 நாள்னா, பன்னிரண்டு வருஷப் பள்ளிக்கு 144 நாள். கிட்டத்தட்ட அஞ்சு மாசம். அம்மா இதைச் சொல்லிக் காட்டினது இல்ல, கணக்குப் போட்டது நான்தான். என்னை மாதிரி இந்தக் காலேஜ்ல எத்தனை பேர் இருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியும்.

இதுல சட்டம் மீறல் எதுவும் இல்ல. லீவு கொடுத்தாச்சு, கணக்கு நேர். ஆனா லீவு என்கிறது பணம் இல்லையே, நேரம் இல்லையா? நேரத்தைப் பணமா மாத்திக் கொடுத்துட்டா, கஷ்டத்துல இருக்கிற வீடு எப்பவும் பணத்தைத்தான் எடுக்கும். அந்த நிலைமையில "அவங்களே விரும்பித்தான் வேலை செய்றாங்க"ன்னு சொல்றது நியாயம் இல்ல.

யாருக்குச் சீட்டு கிடைக்குது?

இந்தியாவுல ஓய்வுக்கு ஏற்பாடே இல்லைன்னு சொல்ல முடியாது. மத்திய அரசு ஊழியருக்கு எல்.டி.சி. இருக்கு. நாலு வருஷ பிளாக்ல ஒரு தடவை குடும்பத்தோட இந்தியாவுல எங்க வேணாலும் போகலாம், டிக்கெட் காசு அரசு தரும். ரயில்வே, பேங்க் மாதிரி இடங்கள்ல வேலை பார்க்கிறவங்களுக்கு மலையிலயும் கடலோரத்துலயும் ஹாலிடே ஹோம் இருக்கு, வாடகை ரொம்பக் கம்மி. நம்ம கிளாஸ்லயே பேங்க் வேலை அப்பாவோட பிள்ளைங்க ஊட்டி, கன்னியாகுமரின்னு போன போட்டோ காட்டுவாங்க. அதுல எனக்குப் பொறாமை இல்ல. ஒரு சங்கம் வலுவா இருந்தா என்ன கிடைக்கும்னு காட்டுற போட்டோ அது.

தமிழ்நாடு அரசுக்கும் தொழிலாளர் நல வாரியம் இருக்கு. 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தோட அடிப்படையில வந்தது. மாமல்லபுரத்துலயும் குற்றாலத்துலயும் தொழிலாளர் குடும்பங்களுக்குன்னு குறைஞ்ச வாடகையில விடுமுறை இல்லம் வச்சிருக்காங்க. பணம் எங்கிருந்து வருது? வருஷத்துக்குத் தொழிலாளி 20 ரூபாய், முதலாளி 40 ரூபாய், அரசு 20 ரூபாய். அதாவது கருங்கடல் கரையில இருந்த அதே ஐடியா, ஜனநாயக முறையில, நம்ம மாநிலத்துலயே இருக்கு. படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. உங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிரச்சினை ரெண்டு. ஒண்ணு, கடற்கரை இல்லம் இருக்கிற மாமல்லபுரம் நமக்கு 600 கிலோமீட்டர் பக்கம் வரும். ரெண்டாவது, அந்தச் சட்டம் ஃபேக்டரி, கடை, தோட்டம், மோட்டார் போக்குவரத்து மாதிரி நிறுவனங்களை மனசுல வச்சு எழுதினது. வீட்டுத் திண்ணை அதுல ஒரு நிறுவனமே இல்ல. கூட்டுப் பண்ணை விவசாயிக்கு நடந்தது ஞாபகம் இருக்கா? அதேதான் இங்கேயும். சீட்டு ஃபேக்டரி வாசலோட நின்னுடுது.

மாஞ்சோலையையும் சொல்லணும். சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து 1929-ல 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம். வெளியூர்க்காரங்க லீவுக்கு அங்க போனாங்க, ரீல்ஸ் போட்டாங்க. அங்கேயே தலைமுறையா கொழுந்து பறிச்சவங்களுக்கு அது வேலை செய்ற இடம். 1999 ஜூலை 23-ஆம் தேதி கூலி உயர்வு கேட்டு அவங்க திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமா வந்தப்போ, போலீஸ் தடியடியில தாமிரபரணிக்குள்ள ஓடி 17 பேர் செத்தாங்க. 2024-ல தோட்ட வேலையே நின்னுபோச்சு, மலையை விட்டு இறங்கச் சொல்லிட்டாங்க. மத்தவங்க விடுமுறைக்குப் போற இடத்துல வாழ்ந்தவங்களுக்கு, கடைசி வரைக்கும் ஒரு நல்ல விடுமுறை கிடைச்சதான்னு யாரும் கேட்கல.

நம்ம ஊர்ல ஓய்வே இல்லையா?

இருக்கு. அதையும் நேர்மையா ஒத்துக்கணும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில்ல குடில் போட்டுக் குடும்பம் குடும்பமாத் தங்குவாங்க. காடு, ஆறு, அடுப்பு, கூட்டாஞ்சோறு. புலிகள் காப்பகம் என்கிறதால இப்ப நாளைக் குறைச்சுட்டாங்க. உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போறவங்க கடலோரத்துல தங்குவாங்க. மேலப்பாளையத்துக்காரங்களுக்கு ஆத்தங்கரைப் பள்ளிவாசல் இருக்கு. எல்லா மதத்துக்கும் நம்ம பக்கத்துல தண்ணியோரத்துல ஒரு இடம் இருக்கு. ஏழைக்குக் கடலைக் காட்டினது இத்தனை காலமும் சாமிதான்.

ஆனா அங்க போனதும் அம்மா என்ன பண்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? வீட்ல அஞ்சு பேருக்குச் சமைக்கிறவங்க அங்க இருபது பேருக்குச் சமைக்கிறாங்க. கல்லு கூட்டி அடுப்பு வைக்கறது, தண்ணி தூக்கறது, பாத்திரம் கழுவறது எல்லாம் அவங்கதான். நமக்கு டூர், அவங்களுக்கு டபுள் ஷிஃப்ட்.

அந்தப் பழைய ஓய்வு இல்லங்கள்ல எனக்குப் பிடிச்ச விஷயம் வெள்ளைத் தூணும் அரண்மனையும் இல்ல, கேன்டீன். மணி அடிச்சா போய் உட்காரலாம், சாப்பாடு வரும். தட்டைக் கழுவ வேண்டாம். ஒரு பொம்பளை தன் வாழ்க்கையில சில நாளாவது "மத்தியானத்துக்கு என்ன பண்ண?"ன்னு யோசிக்காம இருக்கறது பெரிய விஷயம். அந்த ஒரு ஏற்பாடு இல்லாம எந்த ஹோமைக் கட்டினாலும் அது இன்னொரு சமையல்கட்டுதான்.

அப்ப என்ன செய்யலாம்?

தாமிரபரணி பொதிகையில பிறந்து புன்னைக்காயல்ல கடல்ல சேர 130 கிலோமீட்டர் கூட ஆகாது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 60 கிலோமீட்டர் சொச்சம். 1923-லிருந்து ரயில் ஓடுது. கடல் நமக்குத் தூரம் இல்ல.

கடற்கரையில இடம் இல்லையா? கூடங்குளம் அணு உலைக்கு இடம் கிடைச்சது. அதுக்கான ஒப்பந்தம் 1988-ல ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்துப் போட்டது. யோசிச்சுப் பாருங்க, சோவியத் யூனியன் நம்ம கடற்கரைக்கு வந்தப்போ கொண்டு வந்தது அணு உலையை, ஓய்வு இல்லத்தை இல்ல. இப்ப குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளம் வருது. வரட்டும், நம்ம பசங்களுக்கும் வேலை கிடைக்கட்டும். அத்தனைக்கும் இடம் இருக்கிற கரையில 50 ரூமுக்கு இடம் இருக்காதா?

நான் சிவில் படிக்கிறதால ஒரு கணக்கு. 50 ரூம், ஒரு குடும்பத்துக்கு நாலு நாள். வருஷத்துல 300 நாள் ஓடினா 75 பேட்ச். மொத்தம் 3,750 குடும்பம். பத்து வருஷத்துல 37,500 குடும்பம். அந்த 20, 40, 20 முறையில ஒரு தொழிலாளிக்கு வருஷம் 80 ரூபாய். ஒரு லட்சம் பேரைச் சேர்த்தா வருஷத்துக்கு 80 லட்சம். இதை வச்சு எல்லாம் முடிஞ்சிடும்னு சொல்லல. கட்டடத்துக்கு அரசு பணம் போடணும். ஆனா நடத்துறதுக்கு ஒரு அடிப்படை இதுல இருக்கு.

பீடித் தொழிலுக்கு இப்படி ஒரு நிதி ஏற்கெனவே இருந்துச்சு. 1976-ஆம் வருஷத்துச் சட்டப்படி உற்பத்தியாகிற பீடி மேல ஒரு சின்ன செஸ் வாங்கி, நல நிதியில சேர்த்தாங்க. முக்கூடல்ல இருக்கிற பீடித் தொழிலாளர் மருத்துவமனை, பிள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப் எல்லாம் அந்த நிதியோட தொடர்ச்சிதான். எனக்கும் அந்த ஸ்காலர்ஷிப் வந்திருக்கு. 2017-ல ஜி.எஸ்.டி. வந்தப்போ அந்த செஸ் போயிடுச்சு. அதுக்குப் பதிலா என்னன்னு உரக்கக் கேட்க வேண்டிய நேரம் இது.

ரெண்டு நிபந்தனை மட்டும் வைப்பேன். முதலாவது, கடற்கரை மீனவர்களோடது. வலை காயப் போடுற இடம், படகு ஏத்துற இடம் எதையும் தொடக்கூடாது. கிராமப்புறக் கடற்கரையில பொதுவா 200 மீட்டருக்குள்ள கட்டக்கூடாதுன்னு விதி இருக்கு, அதை முழுசா மதிக்கணும். கிரிமியாவுல நடந்த மாதிரி ஒருத்தரைத் துரத்திட்டு இன்னொருத்தர் ஓய்வெடுக்கக் கூடாது. ரெண்டாவது, சமையல் வேலைக்கு முறையான சம்பளத்துக்கு ஆள் வேணும், அவங்களுக்கும் லீவு வேணும். அந்தக் கரையோர ஊர்க்காரங்களுக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம்.

"முதல்ல கூலியைக் கூட்டச் சொல்லுல, கடல் அப்புறம்"னு ஒரு நண்பன் சொன்னான். நியாயமான வாதம். ஆனா கோரல் மில் ஆட்கள் அப்படி வரிசை போடல. கூலியும் கேட்டாங்க, லீவும் கேட்டாங்க, ஒரே நேரத்துல. பசிக்கிறவனுக்கு ஓய்வு வேண்டாம்னு சொல்றது எப்பவும் பசிக்காதவன்தான். இன்னொருத்தன், "அந்த நாடுகளே காணாமப் போச்சே"ன்னான். போச்சு. ஆனா பிரான்ஸ் அப்படியே இருக்கு. ரெண்டு வாரமா இருந்த லீவு அங்க இப்ப அஞ்சு வாரம்.

கடைசியா, நமக்கு

இன்னும் சில மாசத்துல நம்மள்ல பல பேர் கையில ஆஃபர் லெட்டர் இருக்கும். எல்லாரும் சி.டி.சி.யைத்தான் முதல்ல பார்ப்போம். அடுத்த பக்கத்துல லீவு பத்தி ஒரு பத்தி இருக்கும், அதையும் படிங்க. நம்ம மாநிலத்தோட 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம், ஒரு வருஷம் முடிச்சவங்களுக்கு 12 நாள் சம்பள விடுமுறை சொல்லுது. அதோட நோய்க்கு 12, தற்செயல் விடுப்பு 12. வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னு பெரிய ஆட்கள் மேடையில பேசும்போது நம்ம கைதட்டாம இருக்கலாம்.

கேட்டா கிடைக்கும் என்கிறதுக்கு உதாரணம் தூரத்துல இல்ல. 2021-ல தமிழ்நாட்டுல ஒரு திருத்தம் வந்துச்சு. கடையில வேலை பார்க்கிறவங்க உட்கார நாற்காலி போடணும்னு. வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில நாள் முழுக்க நிக்கிற அக்காங்களைப் பார்த்திருப்பீங்க. உட்காருவதுக்கே ஒரு சட்டம் வேண்டியிருந்துச்சு. 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி விடுற மசோதா சட்டசபையில நிறைவேறிச்சு. சங்கங்கள் எதிர்த்தாங்க, மே தினத்தன்னைக்கே அதை வாபஸ் வாங்கறதா முதலமைச்சர் அறிவிச்சார்.

அதனால உங்ககிட்ட மூணே விஷயம் கேட்கிறேன். ஒண்ணு, உங்க வீட்ல யார் வேலை பார்த்தாலும், அவங்களுக்குச் சட்டப்படி எத்தனை நாள் லீவுன்னு கண்டுபிடிங்க. ரெண்டு, தொழிலாளர் நல வாரியத்துல யாராவது தகுதியா இருந்தா குற்றாலம் இல்லத்துக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுங்க. காலியா ரூம் கிடந்தா, "யாரும் வர்றதில்ல, எதுக்கு இன்னொண்ணு?"ன்னு கேட்பாங்க. மூணு, நம்ம பக்கத்துக் கடற்கரையில பீடி, கட்டடம், வீட்டு வேலைத் தொழிலாளர்களையும் சேர்த்து ஒரு விடுமுறை இல்லம் வேணும்னு ஒரு மனு எழுதியிருக்கேன். அடுத்த வாரம் லைப்ரரி வாசல்ல வைக்கிறேன். படிச்சுப் பாருங்க, சரின்னு பட்டா கையெழுத்துப் போடுங்க.

என் முதல் சம்பளத்துல அம்மாவைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போவேன், அதுல சந்தேகம் இல்ல. ஆனா எங்க தெருவுல சொளவோட உட்கார்ந்திருக்கிற எல்லா அம்மாவுக்கும் இன்ஜினியர் பிள்ளை இல்ல. அவங்களுக்கு அந்த நாலு நாள் பிள்ளை மூலமா வர வேண்டியது இல்ல. உழைச்சதுக்கு உரிமையா வரணும்.